பதினோரு நூல்

எனக்கு எழுபத்து நான்கு வயது நடக்கிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. எது பெற்றது, எது வளர்த்தது என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஐந்து வயிற்றையும் நிரப்பியது திண்டுக்கல்லில் ஒரு கார்ப் பட்டறை. இருபத்தோரு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். முதல் எட்டு வருஷம் உப்புத்தாள் தேய்த்தேன். பிறகு பதிமூன்று வருஷம், நசுங்கி வந்து நிமிர்ந்த எந்த வண்டியும் நான் பார்த்துத் தலையசைக்காமல் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் இரண்டு பெண்களும் இருப்பதாகச் சொன்னார்கள். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். தகரம் தட்டுவதையும் கலர் கலப்பதையும் உங்கள் மேஸ்திரி சொல்லித் தருவார். நான் ஒரு பெட்ரோல் மூடியைப் பற்றிச் சொல்கிறேன். பெட்ரோல் ஊற்றுகிற வாயின் மேல் இருக்குமே, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கதவு, அதுதான். சின்னது என்பதால் எல்லோரும் அதைக் கடைசியில் மாட்டுவார்கள். கடைசியில் மாட்டுவதால் அவசரமாக மாட்டுவார்கள். காருக்குச் சொந்தக்காரர் மட்டும் அதைத்தான் முதலில் பார்ப்பார். பெட்ரோல் போடும்போதெல்லாம் அவர் கண் அங்கேதானே போகும்?

அதற்கு முன்னால் என் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட தகரத்தைத் தட்டி நிமிர்த்தியதும் மேலே பட்டி பூசுவார்கள். அது காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதுதான் என் வேலை. காலையில் வாளிக்குள் போன கை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் காயும். எட்டு வருஷத்தில் வலது கை விரல்களில் ரேகை அழிந்துபோனது. தோல் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். ரசம் ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும். பிறகு ஒரு நாள் அந்த எரிச்சல் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுப்பிலிருந்த கரண்டியை எடுத்தபோது, தோல் கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. எரிச்சல் ஆறவில்லை. விரல் நுனியில் உணர்ச்சியே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே தண்ணிக்குள்ள கை வைக்கிற வேலை வேண்டாம்மா. வச்சீங்கன்னா இன்னொரு கையும் இப்படித்தான் ஆகும்" என்றார்.

பட்டறையில் தண்ணீர் படாமல் நான் செய்யக்கூடியதாக இருந்தது மாட்டுகிற வேலை ஒன்றுதான். கழற்றிய கதவு, பானெட்டு, டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் திரும்ப மாட்டி மட்டம் பார்ப்பது. அதுவரை அதை ஆண்கள்தான் செய்தார்கள். மேஸ்திரியிடம் போய் நின்றேன். பட்டறை அவருடையது. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அண்ணே என்பேன், அவர் தாயி என்பார்.

"அண்ணே, கை புண்ணாகுது. எனக்கு மாட்டுற வேலை குடுங்க."

"பாப்போம் தாயி. ஆனா அது விரல் வேலை."

விரல் வேலை என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். மாட்டிய கதவும் பக்கத்துத் தகரமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் குறுக்கே தடவிப் பார்ப்பார்கள். தடுக்கினால் தப்பு, தடுக்காமல் வழுக்கினால் சரி. அந்த விரல்தான் என்னிடம் இல்லை. உள்ளதைச் சொன்னால் உப்புத்தாளும் கிடையாது, மாட்டுகிற வேலையும் கிடையாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் ஐந்து தட்டு காத்திருந்தது. அதனால் புண் என்று சொன்னேன். மரத்துப்போனது என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்படி நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நீலக் கார் வந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு அருகே வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று பின்னுக்கு வந்து அதன் பக்கவாட்டை நசுக்கிவிட்டது. சொந்தக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எதையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். தட்டி, பூசி, தேய்த்து, கலர் அடித்து வண்டி புதுசு போல ஆகிவிட்டது. அவர் சுற்றி வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உடம்பெல்லாம் சரிதான். இந்த மூடி மட்டும் என்னப் பாத்து நாக்கத் துருத்துதே?"

மூடியின் முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. வெயில் சாய்ந்தால் அதன் கீழே கோடு போட்டதுபோல ஒரு நிழல் விழும். சரி செய்து கொடுத்தார்கள். மறுபடி வந்தார், மறுபடி நாக்கு. சரி செய்யப் போனதில் ஓரத்துக் கலர் பெயர்ந்து, மறுபடி கலர் அடித்தார்கள். மூன்றாம் தடவை அவர் சத்தமே போடவில்லை. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாரேன். அப்பவும் நாக்கு வெளிய இருந்தா, மதுரைக்குக் கொண்டு போயி முழு வண்டியையும் திரும்பப் பாக்கச் சொல்லிருவேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மேஸ்திரிக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மேஸ்திரி பழநியில் இருந்தார், பேரனுக்கு மொட்டை போட. மூடியைத் தகரம் தட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் விடியக் கிளம்பிப் போயிருந்தார். தகரம் தட்டுகிறவருக்கோ அன்று காலையில்தான் அம்மை போட்டது தெரிந்தது. பட்டறையில் மிச்சம் இருந்தது நானும் பெயிண்டரும். பெயிண்டர் கன்னிவாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் சும்மா இருக்காது. பதினோரு மணி வாக்கில் மேஸ்திரி பழநியிலிருந்து போன் போட்டார். பெயிண்டர் எடுத்து நிலைமையைச் சொல்லிவிட்டு, "எனக்குத் தெரிஞ்சது கலர்தான் மேஸ்திரி. திருகாணிய நான் தொட மாட்டேன், அக்காட்ட குடுக்கிறேன்" என்று போனை என் கையில் திணித்துவிட்டார்.

"தாயி, நல்லாக் கேட்டுக்க. அந்த மூடி முன்பக்கம் ஒரு நூல் தூக்கியிருக்கு. கீலக் கழட்டாத. கீல் கைய மட்டும் மெதுவா அழுத்தி ஒரு நூல் எறக்கிரு."

"ஒரு நூலா அண்ணே?"

"ஒரு நூல்தான். கூடப் போயிராத. பெயிண்டு இன்னும் பச்சையா இருக்கு. ஓரம் இடிச்சுச்சுன்னா உதிர்ந்துரும்."

இங்கேதான் நான் ஏமாந்தேன். தச்சர், கொத்தனார், பட்டறைக்காரர் எல்லோருக்கும் நூல் என்பது ஒரு அளவு. அங்குலத்தை எட்டுப் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. உங்களுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. நான் சின்னாளபட்டியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். எனக்கு நூல் என்றால் தறியில் ஓடுகிற நூல், ஒரு இழை. எட்டு வருஷமாக அந்தச் சொல் பட்டறையில் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மயிரிழை என்று பேச்சுக்குச் சொல்கிற மாதிரி இவர்கள் நூல் என்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். தேய்க்கிற வேலையில் யாரும் என்னிடம் அளவு கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

வண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விரலால் தடவிப் பார்த்துப் பயனில்லை. சேலை ஓரத்திலிருந்து இழைகளை உருவினேன். ஒரு இழையின் முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கையில் பிடித்து, மூடிக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் குறுக்கே விறைப்பாக இழுத்தேன். மூடி மேல் இழை படிந்தது. தகரத்தின் மேல் படியாமல் அந்தரத்தில் நின்றது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் அடைகிற வரைக்கும் தகரத்தின் மேல் இழையை ஈரம் தொட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், பதினொன்றில் வெளிச்சம் அடைந்தது.

எனக்குப் பகீரென்றது. ஒரு நூல்தான், கூடப் போகாதே என்று சொல்லியிருக்கிறார். இழையோ பதினொன்று என்கிறது.

"என்னக்கா, வண்டிக்குப் பல்லு வெளக்கி விடுறியா?" என்றார் பெயிண்டர். அவர் அடித்த கலருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஓரம் பேந்துச்சுன்னா நான் மூணாந்தடவ அடிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"உன் வாய மூடிக்கிட்டு இருந்தாலே பேராது. அங்கிட்டுத் தள்ளு, வெளிச்சம் மறைக்குது."

கீல் கைக்கு அடியில் துணி சுற்றிய கட்டையைக் கொடுத்து மெல்ல ஒரு அழுத்து அழுத்தினேன். ஒரு இழையை உருவினேன். பத்து இருந்தது. மேஸ்திரி சொன்ன ஒரு நூல் முடிந்துவிட்டது. மூடியின் கீழே நிழல் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் செத்த நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சொன்னதைச் செய்தாகிவிட்டது. எழுந்து போய்விட்டால் என்மேல் ஒரு குற்றமும் வராது. நாலு மணிக்கு டிராயிங் மாஸ்டர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார், மேஸ்திரியின் தப்பாகத்தான் போகும். ஆனால் மூடி நாக்கைத் துருத்திக்கொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்துக்கொண்டே எப்படி எழுந்து போவது? அழுத்தினேன். ஒன்பது. அழுத்தினேன். எட்டு. ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு இழை. கடைசி இழையையும் உருவியபோது, குறுக்கே இழுத்த நூல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் படிந்து கிடந்தது. ஓரத்துக் கலரில் ஒரு பொடிகூட உதிரவில்லை.

ஒன்றரை மணிக்கு மேஸ்திரி மறுபடி போன் போட்டார். நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"முடிஞ்சுதண்ணே. ஆனா ஒரு நூல் பத்தல. பதினொண்ணு எறக்கினேன்."

"என்னாது?"

"பதினோரு நூலண்ணே."

"பதினோரு... ஏ தாயி, அந்த வண்டிக்கிட்ட இனி யாரும் போகாதீங்க. எதையும் தொடாதீங்க. வாரேன்." போனை வைத்துவிட்டார்.

பதினோரு நூல் என்றால் அவர் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். மூடி பெட்ரோல் குழாய்க்குள்ளேயே போய்விட்டது என்று அவர் நினைத்திருப்பார். அது எனக்கு எப்படித் தெரியும்? சொன்ன பேச்சை மீறிவிட்டேன், அதற்குத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இனி மாட்டுகிற வேலை எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

பெயிண்டருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "அக்கா, ஒண்ணு செய்யி. பத்தத் திருப்பி ஏத்திரு. மேஸ்திரி சொன்ன ஒண்ணு மட்டும் இருக்கட்டும். அவரு வந்து பாத்துக்கிறட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் கை துறுதுறுத்தது. ஏற்றிவிடுவது சுலபம். போய் இன்னொரு தடவை இழையை இழுத்துப் பார்த்தேன். படிந்து கிடந்தது. சரியாக இருப்பதைத் தப்பாக்கி வைத்துவிட்டு, சொன்னபடி செய்தேன் என்று நிற்பதா? "இருக்கட்டும்ப்பா. வையிறதா இருந்தா வையட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ வந்து நின்றது. மேஸ்திரி இறங்கினார். பேரனோடு சேர்ந்து அவரும் மொட்டை போட்டிருந்தார். தலை முழுக்கச் சந்தனம். செருப்பைக்கூடப் போடாமல் வண்டியைப் பார்த்து ஓடினார். அவர் பின்னாலேயே டிராயிங் மாஸ்டரும் வந்துவிட்டார்.

மேஸ்திரி மூடிக்கு முன்னால் உட்கார்ந்து விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக் குறுக்கே தடவினார். மறுபடி தடவினார். நாலு பக்கமும் தடவினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பதினோரு நூல்னியே தாயி?"

"ஆமண்ணே. இந்தா." உருவி வைத்திருந்த இழைகளை உள்ளங்கையில் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, சந்தனத் தலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அடி என் தாயி! நான் சொன்னது இஞ்சுல எட்டுல ஒண்ணு. இது பதினொண்ணையும் சேத்தாக்கூட என் நூல்ல முக்கால் தேறாது. நான் சொன்ன மாதிரி ஒரு நூல் எறக்கியிருந்தா ஓரம் இடிச்சு கலரு போயிருக்கும்!" பெயிண்டர் பக்கம் திரும்பி, "கேட்டியாடா, என் நூலவிட இந்தம்மா நூல் நெசம்" என்றார்.

டிராயிங் மாஸ்டர் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினார். "உள்ள இழுத்துக்கிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார்.

இதோடு கதை முடிந்திருந்தால் இதைச் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே மாட்டுறது நீ பாரு தாயி. இங்க வா. கண்ண மூடி இதத் தடவிப் பாரு. இந்த வழுவழுப்ப விரல்ல வச்சுக்க. இதான் சரி, இதுக்குக் கூடக் கொறைய இருந்தா விடாத."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடினேன். விரலை வைத்துக் குறுக்கே இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. தகரம் எது, இடுக்கு எது, காற்று எது, எதுவும் தெரியவில்லை. கேட்ட வேலை கைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். அந்த ஒரு கணம் நான் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்குத் தலையாட்டலாம். நாளைக்கு இன்னொரு வண்டியில், கதவு கவ்வாமல் நிற்கும்போது, விரலை வைத்துவிட்டு எதைச் சொல்லித் தலையாட்டுவேன்? அதில் குடும்பத்தோடு ஏறி மலையில் போகிறவர் என்னை நம்பித்தானே ஏறுவார்?

"எனக்குத் தெரியலண்ணே."

"என்ன தெரியல?"

"விரலுக்கு ஒண்ணுமே தெரியல. மரத்துப்போயி ரெண்டு வருஷமாச்சு. வேல போயிரும்னு சொல்லல."

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் நுனியில் நகத்தால் அழுத்தினார். நான் சும்மா நின்றேன். இன்னும் அழுத்தினார். பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப இத எப்பிடிப் பாத்த?"

"நூல இழுத்துப் பிடிச்சு, அடியில வெளிச்சம் வருதான்னு பாத்தேன்."

கையை விட்டார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு மூடிக்குப் பக்கத்தில் தரையில் கன்னம் படப் படுத்துவிட்டார், மொட்டைத் தலையில் மண் ஒட்டுகிறதே என்றுகூடப் பார்க்காமல். "எங்க, பிடி. எனக்குக் காட்டு" என்றார்.

நான் காட்டினேன். அடுத்த வாரமே உப்புத்தாளுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அவருக்கு ரப்பர் கையுறை வாங்கித் தந்த பிறகுதான் மேஸ்திரி வாளியைத் தொட விட்டார்.

அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம். இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகு புதுப்புது வண்டிகள் வந்தன, இடுக்கெல்லாம் சின்னதாகிக்கொண்டே போனது, என் இழைக்கு வேலை கூடியது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, ஒரு பொட்டு அந்தப்பக்கம் தள்ளுங்க" என்றார். நான் தள்ளவில்லை. "ஒங்க பொட்டு எம்புட்டுப்பா?" என்று கேட்டேன். அவர் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, "எங்கூட்டுக்காரி வெக்கறதுங்களா, எங்கம்மா வெக்கறதுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பட்டறையே சிரித்தது. அவரே அதை அதுவரை யோசித்ததில்லை. நீங்களும் யோசியுங்கள். ஒருவர் அளவு சொன்னால், அது யாருடைய அளவு என்று கேட்ட பிறகு கை வையுங்கள். கேட்கத் தோன்றாமல் எட்டு வருஷம் நான் சும்மா இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை அது நல்லதாக முடிந்தது என் அதிர்ஷ்டம்தான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. எனக்கு மூன்றாம் வகுப்போடு எழுத்து நின்றுவிட்டது. எழுதிக்கொண்டே வந்தவள் நடுவில் பேனாவை வைத்துவிட்டாள். "அம்மாச்சி, விரல் மரத்துப்போனத எடுத்துரட்டுமா? நீ கெட்டிக்காரிங்கறதுதான தெரியணும். படிக்கிறவங்க பாவம்னு நெனப்பாங்க" என்றாள்.

எடுக்கக் கூடாது. பதினோரு இழையை எண்ணியது கெட்டிக்காரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை கையில் வந்து விழுந்த பிறகு, எல்லோரும் பார்க்க, எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேனே, என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியம் அதுதான். ஐந்து பிள்ளைகளும் நிமிர்ந்து நடப்பது அந்தச் சொல்லைச் சொன்னவள் சம்பாதித்த சோற்றில்தான்.

அடியே பேத்தி, நீ அதை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எங்கே, மேஸ்திரி என்னைக் கண்ணை மூடச் சொன்ன இடத்திலிருந்து சத்தமாக வாசி, கேட்போம்.